பெற்றுத் தள்ளுகிறார்களாம்!

குறுவை நடவு நடக்கிறது தஞ்சைத் தரணியிலே. மேட்டூரிலே திறந்துவிட்ட தண்ணீர், கல்லணையைக் கடந்து, வெண்ணாறென்றும் வெட்டாறென்றும் பிரிந்து, வாய்க்கால் வழியாக ஓடிவந்து வயலை நனைத்திருக்கிறது. சேறு மணக்கிறது. வரப்போரம் நாற்று முடிகள் குவிந்து கிடக்கின்றன. குனிந்த முதுகுகள் வரிசையாகப் பின்னோக்கி நகருகின்றன. பாட்டும் கேட்கிறது. ஆனால் நின்று காது கொடுத்தால்தான் தெரிகிறது, அது தமிழ்ப் பாட்டல்ல, வங்கத்துப் பாட்டு! நடுகிறவர்கள் நம் ஊர்ப் பெண்டிரல்லர். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்கள்.

கூட்டத்திலே பேசுவதற்காகப் போயிருந்தோம் நாம், மன்னார்குடிப் பக்கத்து ஊரொன்றுக்கு. கூட்டம் துவங்க நேரமிருந்தது. டீக்கடைப் பெஞ்சியிலே உட்கார்ந்திருந்தோம், தோழர்கள் நாலைந்து பேருடன். வேலை முடித்து, காலிலே ஒட்டிய சேறு காயாத நிலையிலே, அந்த வடபுலத்துப் பிள்ளைகள் வந்தார்கள், டீ குடித்தார்கள், காசைக் கொடுத்தார்கள், போனார்கள். அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், தோழர் ஒருவர், நல்லவர், கொடி பிடித்துப் பிடித்துக் கை காய்த்தவர், ஆரம்பித்தார்:

“பெற்றுத் தள்ளுகிறார்களண்ணே வடக்கே! வீட்டுக்கு ஏழு, எட்டு! நாம் இங்கே ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டு நிற்கிறோம். அவன் பெற்றுப் பெற்று இங்கே அனுப்புகிறான். நாளைக்கு வயலும் அவனுக்கு, டில்லியிலே வாக்கும் அவனுக்கு!”

சிரித்தார்கள் மற்றவர்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சிலே சுருக்கென்று ஏதோ தைத்தது. ஏன் தெரியுமா? அந்தச் சொல் நமக்குப் பழக்கமான சொல். நம் பாட்டன் தலையிலே, நம் பாட்டியின் வயிற்றிலே, ஓங்கி அடிக்கப்பட்ட சொல்!

திண்ணையிலே சாய்ந்து, வெற்றிலை மென்றபடி, மிராசுதார் பேசியது அந்தப் பேச்சைத்தானே? “அரைப்படி நெல் கூடக் கேட்கிறானாம் கூலி! குடிசை நிறையப் பெற்றுப் போட்டுக்கொண்டால் எவன் அளந்து கட்டுபடியாகும்?” என்றார். கூலி குறைவு என்பதை மறைக்க, குழந்தை அதிகம் என்பதைக் காட்டினார். வயிறு காய்வது வஞ்சகத்தால் அல்லவாம், வயிறு நிறைந்ததால்தானாம்! இது பண்ணை வீட்டுப் பொருளாதாரம்.

பண்ணையார் சொன்னதைப் பாதிரியார் ஒருவர் புத்தகமாகவே எழுதி வைத்தார் அவருக்கும் முன்பாக. இங்கிலாந்து தேசத்து மால்தஸ், ஆண்டு 1798. மக்கள் தொகை பெருக்கல் கணக்கிலே வளருமாம். உணவோ கூட்டல் கணக்கிலேதான் வளருமாம். ஆகவே பஞ்சமும் நோயும் வந்து கணக்கைச் சரிக்கட்டும் என்பது அவர் வாதம். ஏழைக்கு உதவி செய்தால் அவன் இன்னும் அதிகமாகப் பெறுவான் என்பது அந்த வாதத்தின் வால். இந்த மால்தஸ் பிற்பாடு பேராசிரியராக அமர்ந்த இடம் எது? ஹெய்லிபரி! கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியாவை ஆளப்போகும் தன் அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நடத்திய கல்லூரி! அந்தப் பாடத்தைக் கேட்டவர்கள்தாம் கப்பலேறி வந்து, நம் பாட்டனின் பாட்டனை ஆண்டார்கள்.

1968-ல் அமெரிக்காவிலே பால் எர்லிக் என்றொரு பேராசிரியர், மக்கள் தொகையை வெடிகுண்டுக்கு ஒப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். டில்லி நகரத்துத் தெருவிலே ஓர் இரவு வாடகைக் காரிலே போனாராம். எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகளாம். அதைக் கண்டு அஞ்சினாராம். 1970களிலே கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவது உறுதி என்று எழுதினார். அவர் சொன்னபடி உலகம் அழியவில்லை. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலே பிறந்த ஏ.டி.டி. 27 போன்ற நெல் ரகங்கள் அப்போதே தஞ்சை வயல்களிலே கதிர் விட்டுக்கொண்டிருந்தன!

அதே 1968. டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியின் கீழ் நின்ற ஏழைத் தொழிலாளர்கள். ஒரே குடிசையில் 44 உயிர்கள் கருகின; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உலகத்து மேதாவிகள், இந்தியாவிலே பிள்ளைகள் அதிகம் என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டிலேதான், இங்கே பிள்ளைகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள் குடிசையை. குறைவாக இருந்தது எது தோழர்களே? நெல்லா, நெஞ்சா?

*

பாட்டி ஏன் எட்டுப் பெற்றாள்?

அறியாமையாலா? ஆசையாலா? இல்லை. அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. எழுதத் தெரியாதவள்தான், ஆனால் அவள் கணக்கிலே பிழை கிடையாது.

எட்டுப் பெற்றால் நாலு தங்கும். ஒன்று பேதியிலே போகும், ஒன்று அம்மையிலே போகும், ஒன்று பிறக்கும்போதே போகும், ஒன்று ஏன் போயிற்று என்று சொல்ல வைத்தியனே இருக்கமாட்டான். 1971-ல்கூட இந்தியாவிலே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே மண்ணுக்குள் போயின. அதற்கு முந்திய காலத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். தங்கிய நாலிலே, ஆறு ஏழு வயசானதும் பையன் பண்ணையிலே மாடு மேய்க்கப் போவான்; கஞ்சிக்கு ஆச்சு. பெண் சாணி தட்டுவாள், களை பறிப்பாள், தம்பியை இடுப்பிலே சுமப்பாள். கிழ வயசிலே சோறு போட சர்க்காரா இருந்தது, சங்கமா இருந்தது? மகன்தான் பென்ஷன்! மகன்தான் இன்ஷூரன்ஸ்! குடியிருந்த குடிசைகூடப் பண்ணையார் மனைக்கட்டிலே. பிள்ளையைத் தவிர வேறு சொத்து ஏது?

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நாம் கயவர்களாவோம். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாயே கொடுக்கப்படவில்லை. அவள் வயிறு, ஆனால் அவள் அதிகாரத்திலே இல்லை. பண்ணைக்கு அடிமை அவன். அவனுக்கு அடிமை அவள்!

வெள்ளைக்காரச் சீமையிலே மட்டும் வேறு நியாயமா? அங்கேயும் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஐந்தும் ஆறும் பிறந்தன. ஊரிலே பிழைப்புக் கிடைக்காதவர்கள் கப்பலேறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்திலும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க் குடியேறியவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். பெற்றுத் தள்ளிவிட்டார்கள் என்று எவன் ஏசினான் அவர்களை? புது உலகம் கண்ட வீரர்கள் என்று வரலாறு எழுதிக்கொண்டார்கள். நம் நாகப்பட்டினம் துறைமுகத்திலும் ரஜூலா என்ற கப்பலேறினார்கள் நம்மவர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினார்கள். ரப்பர் பால் வடித்தார்கள், ரயில் பாதை போட்டார்கள். அன்று அவர்களைப் பார்த்து அங்குள்ள டீக்கடைப் பெஞ்சியிலே எவனாவது, “பெற்றுத் தள்ளுகிறார்கள் தஞ்சாவூரிலே” என்று சிரித்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

சீமையிலே பிறப்பு குறைந்தது எப்போது? பிள்ளையை ஆலைக்கு அனுப்பக்கூடாது, பள்ளிக்குத்தான் அனுப்பவேண்டும் என்று சட்டம் வந்தபோது, சாக்கடை சீரானபோது, குழந்தை பிழைத்தபோது. அதுவும் எளிதிலே வந்துவிடவில்லை. கருத்தடை முறைகளை விளக்கிய சிறு புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877-ல் லண்டன் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டார்கள் இருவர். ஒருவர் நாத்திகர் பிராட்லா. மற்றவர் யார்? அன்னி பெசன்ட் அம்மையார்! பின்னாளிலே நம் அடையாறிலே வந்து அமர்ந்தாரே, அவரேதான். அந்தக் கருத்துகளைக் கொண்டவர் என்பதற்காக, பெற்ற மகளையே அவரிடமிருந்து பிரித்தது நீதிமன்றம். வளர்ந்த நாடு என்று இன்றைக்கு மார்தட்டுகிற நாடு, இந்த விஷயத்திலே வளர்ந்த லட்சணம் இது!

*

சரி, இங்கே எப்படிக் குறைந்தது?

ஒரு பெண் தன் வாழ்நாளிலே சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்று கணக்கெடுப்பார்கள். இரண்டுக்குக் கொஞ்சம் மேலே, 2.1 என்று இருந்தால் மக்கள் தொகை நாளடைவிலே ஒரே அளவில் நிற்கும். 1950களிலே இந்தியாவின் கணக்கு ஆறை ஒட்டி இருந்தது. தமிழ்நாட்டிலே 1992-93-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் இரண்டரை. 2019-21 ஆய்வில் 1.8. அதே ஆய்வில் இந்தியா முழுவதற்கும் 2.0, பீகாருக்கு 3.0. தோழர் சொன்ன ஏழு எட்டு எங்கே, மூன்று எங்கே! ஏச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணிக்கை எப்போதோ இறங்கிவிட்டது.

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா, அது 1952-ல். சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. சிவப்பு முக்கோணம் சுவரெல்லாம் சிரித்தது. “நாம் இருவர், நமக்கு இருவர்” என்ற வாசகம் பஸ்ஸின் முதுகிலே ஊர்வலம் வந்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் முக்கோணத்தைப் பார்த்த மாத்திரத்திலே மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்வாளா ஒரு தாய்? பெற்ற இரண்டும் பிழைக்கும் என்ற நம்பிக்கை வேண்டாமா அவளுக்கு?

அந்த நம்பிக்கை வந்த வழியைக் காட்டுகிறோம், பாருங்கள். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது விரட்ட முடியாது பண்ணையாளை என்றாயிற்று. 1956-ல் காமராசர் ஆட்சியிலே துவங்கிய மதிய உணவு, மாடு மேய்த்த பையனைப் பள்ளிக்கு இழுத்தது. 1962-ல் முதியோர் உதவித்தொகை. சிறு தொகைதான், ஆனால் மகனைத் தவிர வேறு துணையும் உண்டு என்று கிழவிக்குக் காட்டிய தொகை. 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம். 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம். குடிசை நின்ற மண் குடியிருந்தவனுக்கே சொந்தம் என்றாயிற்று. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவு; ஊருக்கு ஊர் பால்வாடி; துணைச் சுகாதார நிலையத்துக்குச் சைக்கிளில் வந்த நர்சம்மா. பல கட்சிகள், பல ஆட்சிகள்; போட்டி போட்டுக்கொண்டு போட்ட படிக்கட்டுகள்!

இன்றைக்குத் தமிழ்நாட்டிலே பிரசவம் என்றால் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையிலேதான். ஆயிரத்துக்கு 129 என்று அன்று நாடு பறிகொடுத்தது, 2020-ல் 28 ஆயிற்று, தமிழ்நாட்டிலே 13. பதின்மூன்றும் அதிகம்தான், ஒன்றும்கூட அதிகம்தான். ஆனால் பாட்டியின் கணக்குக்கு இனி வேலையில்லை. எட்டுப் பெற்று நாலைக் காப்பாற்றவேண்டிய தேவை ஒழிந்தது. இரண்டைப் பெற்று இரண்டையும் படிக்க வைக்கலாம் என்ற துணிவு பிறந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படிக்கட்டு: பெண்ணின் படிப்பு. மாயவரத்துக்கு அருகே மூவலூர். அந்த ஊர்ப் பெயரோடு வாழ்ந்தார் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துப் போராடிய பெண், 1962-ல் மறைந்தவர். அவர் பெயராலே 1989-ல் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது. அதிலே ஒரு கொக்கி இருந்தது பாருங்கள்: மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கவேண்டும்! பின்னர் அது பத்தாம் வகுப்பாயிற்று. “கல்யாண உதவி கிடைக்குமே, அதுவரைக்கும் பள்ளிக்குப் போகட்டும்” என்றான் தகப்பன். தாலிக்குத் தங்கம் தேடியவன், தன்னை அறியாமலே மகளுக்குத் தமிழும் கணக்கும் தேடிக்கொடுத்தான். 2022-ல் அந்தத் திட்டமே மாறி, அரசுப் பள்ளியிலே படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்றாகியிருக்கிறது. பதினைந்து வயசிலே மாலை மாற்றியவள், இருபத்தொன்றிலே மாற்றினால், பிறக்கும் பிள்ளை தானாகக் குறையாதா?

பணம் இருந்தால்தான் இது நடக்கும் என்றும் எண்ணாதீர்கள். வங்காள தேசத்தைப் பாருங்கள். 1971-ல் பிறந்த நாடு. புயலும் பஞ்சமும் புரட்டிய நாடு. 1970களிலே அங்கே ஒரு தாய்க்கு ஆறுக்கும் மேலே. பெண்களே வீடு வீடாகச் சென்று கருத்தடைச் சாதனம் கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் படிப்புதவித் தொகை கொடுத்தார்கள். ஆறு, இரண்டு சொச்சமாக இறங்கிவிட்டது. தென் கொரியா 1960-ல் ஆறு; 2024-ல் 0.75. ஆப்பிரிக்காவின் நைஜர், சாட் போன்ற நாடுகளிலோ இன்னமும் ஆறு என்ற அளவு. அங்கே தாயின் ரத்தம் வேறா? இல்லை. நம் பாட்டியின் கணக்கை அவள் இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்!

அதட்டலாலே ஆகுமா என்று சோதித்தும் பார்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். வட மாநிலங்களிலே ஏழைகளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். என்ன ஆயிற்று? 1977 தேர்தலிலே ஆட்சியே கவிழ்ந்தது; குடும்ப நலம் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் ஓடியது. அதட்டியவர்கள் தோற்றார்கள், அரிச்சுவடிதான் ஜெயித்தது.

*

இங்கே நம் முதுகையும் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கொள்வோம். மற்றவனை ஏசுவதற்கு முன்பு நம்மிடம் அழுக்கு இல்லையா என்று பார்ப்பதுதானே பகுத்தறிவு?

குடும்பக் கட்டுப்பாட்டிலே முன்னணி மாநிலம் என்று பெருமை பேசுகிறோம். யார் உடம்பிலே நடந்தது அந்தக் கட்டுப்பாடு? 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் குடும்பங்களிலே நூற்றுக்கு 58 வரையில் பெண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள். ஆண்? நூற்றுக்கு ஒருவன்கூட இல்லை! 1960களிலே வாசக்டமி முகாமுக்கு வரிசையிலே நின்ற ஆண்கள் உண்டு. இன்றைக்கு மீசை முறுக்குகிற நாம், ஊசிக்குப் பயந்து ஒளிந்துகொண்டு, பெற்றவளையே அறுத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். மேடையிலே பெண்ணுரிமை, வீட்டிலே? அதுமட்டுமா, சிறு குடும்பம் வேண்டும், ஆனால் அதிலே ஆண்பிள்ளை வேண்டும் என்று பேராசைப்பட்டு, சேலத்திலும் தருமபுரியிலும் உசிலம்பட்டியிலும் பெண் சிசுக்களைக் கொன்ற கறையும் நம்முடையதே. 1992-ல் தொட்டில் வைக்கவேண்டி வந்ததே அரசாங்கம்!

1928-ல் சென்னையிலே மேட்டுக்குடிப் பெரியவர்கள் கூடி மால்தஸ் பெயராலேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் கவலை, நாட்டிலே தலை எண்ணிக்கை கூடுகிறதே என்பது. அதே காலத்திலே கர்ப்பத்தடை பேசினார் பெரியார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. நாட்டுக்கு லாபமா, வீட்டுக்கு லாபமா என்பதல்ல கேள்வி. பெண் விடுதலை பெறவேண்டும், அதற்காகவே இது தேவை என்றார். 1929 செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது அதே இயக்கம். அறுபது ஆண்டு கழித்து 1989-ல் தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. தலைகளை எண்ணியவர்கள் ஒரு பக்கம். தாயை எண்ணியவர் ஒரு பக்கம். நாம் எந்தப் பக்கத்தின் வாரிசுகள்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. டில்லி வாக்கு பற்றித் தோழர் சொன்னாரே, அதிலே உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டோம். சென்னை மாநிலத்துக்கு 1962 தேர்தலிலே 41 நாடாளுமன்ற இடங்கள், 1967-ல் 39. மக்கள் தொகைக் கணக்கைக் காட்டி இரண்டைப் பறித்தார்கள். 1971 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம் பேர். இன்றைய பீகார் எல்லைக்குள் 4 கோடியே 21 லட்சம் பேர். ஏறக்குறையச் சமம்! 2011-ல்? தமிழ்நாடு 7 கோடியே 21 லட்சம். பீகார் 10 கோடியே 41 லட்சம். 1976-ல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், பிறகு 84ஆவது திருத்தமும் இடங்களை 1971 கணக்கிலேயே நிறுத்தி வைத்தன. அதனால்தான் 2024 தேர்தலிலும் பீகாருக்கு 40, நமக்கு 39. அந்தப் பூட்டுக்கு 84ஆவது திருத்தம் வைத்த கெடு, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு. தலையை மட்டும் எண்ணி இடம் பிரித்தால், சொன்ன சொல்லைக் கேட்டு, பிள்ளையைப் படிக்க வைத்து, குடும்பத்தை அளவாக்கிய மாநிலத்துக்குத் தண்டனை. இது அநீதி. எதிர்ப்போம். ஊர் ஊராக எடுத்துச் சொல்வோம். அது நம் உரிமை.

ஆனால் அந்த அநீதிக்கு மருந்து எங்கே இருக்கிறது? சட்டத்திலே இருக்கிறது, சபையிலே இருக்கிறது, கூட்டாட்சி நியாயத்திலே இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணின் கருப்பையிலே இல்லை! 2024-லும் 2025-லும் தெற்கே மேடைகள் பலவற்றிலே, நம் மேடைகளும் உட்பட, பதினாறு பெறலாமே, உடனே பெறுங்கள் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. வேடிக்கைக்காகச் சொன்னது, வேதனையிலே சொன்னது, அரசியல் உணர்த்தச் சொன்னது, புரிகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்? நேற்று, “நாட்டுக்காக நிறுத்து” என்றார்கள். இன்று, “நாட்டுக்காகப் பெறு” என்கிறார்கள். நான் எதற்காக வாழ்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று அவள் எண்ணியிருக்கமாட்டாளா? நம்மவர் சொன்னார்கள் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது. தலைவர்களிடம் உரிமையோடு சொல்லுகிறோம்: தொகுதிக்காகப் போராடுங்கள், கூடவே வருகிறோம், தொட்டிலைத் தொகுதியோடு கட்டாதீர்கள்.

கட்டினாலும் ஆடாது! தென் கொரியா பணத்தைக் கொட்டிப் பார்த்தது. ஜப்பான் சலுகைகளை அள்ளிப் பார்த்தது. 2024-ல் ஜப்பானின் கணக்கு 1.15. சீனாவோ ஒரு பிள்ளைக்கு மேலே கூடாது என்று முப்பத்தைந்து ஆண்டு அதட்டியது. 2015-ல் இரண்டு பெறலாம் என்றது. 2021-ல் மூன்று பெறலாம் என்றது. 2022 முதல் அங்கே மக்கள் தொகை இறங்குகிறது. குறைக்க அதட்டியதும் கூட்ட அதட்டியதும் ஒரே வாய். தாய் அந்த வாய்க்குக் காது கொடுக்கவில்லை. இன்னொரு பிள்ளை வேண்டுமென்று ஒரு பெண் விரும்பினால், தடையாக இருப்பது எது? வாடகை, பள்ளிக் கட்டணம், வேலையிலே இடம் போய்விடுமோ என்ற அச்சம், வீட்டு வேலையிலே கை கொடுக்காத கணவன். அந்த நாலையும் நீக்குங்கள். பிறகு அவள் பாடு, அவள் முடிவு.

*

நடவுக்கு ஆள் இல்லை என்ற புலம்பலுக்கு வருவோம். ஏன் இல்லை? பாட்டன் காலத்துக் குடிசைப் பிள்ளை படித்துவிட்டான். திருப்பூரிலே இருக்கிறான், சென்னையிலே இருக்கிறான், சிங்கப்பூரிலே இருக்கிறான். அவன் தங்கை நர்சு. பண்ணையார் வரப்பிலே குனிந்து நிற்க அவர்கள் பிறக்கவில்லை என்று நாம்தானே நாற்பது ஐம்பது வருஷமாகக் கூவினோம்? கூவியது நடந்தது! அதற்காக அழுவதா? விட்டுப்போன இடத்துக்கு இயந்திரம் வருகிறது. இயந்திரம் போதாத இடத்துக்குப் பீகாரிலிருந்து வருகிறான் ஒருவன். அன்று நம் பாட்டன் ரஜூலாவிலே போனது எதற்காகவோ, அதற்காகவே.

பீகாரும் நின்ற இடத்திலே நிற்கவில்லை. 2011 கணக்கிலே எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 73; பீகாரிலே 51. இடைவெளி பெரிதுதான். ஆனால் 2006-ல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தது. ஊர் விட்டு ஊர் பள்ளிக்குச் சைக்கிளிலே போகிறார்கள் பெண்பிள்ளைகள். அந்தச் சக்கரம் சுற்றச் சுற்ற அந்த மூன்றும் இறங்கும். நாம் இறங்கிய அதே படிக்கட்டு, வேறு ஊர்!

அன்று மாலை, கூட்டம் துவங்கும் முன்பு, அந்த இளைஞர்களிலே ஒருவன் தண்ணீர் வாங்க மறுபடியும் வந்தான். பக்கத்திலே அழைத்து உட்காரவைத்தோம். இங்கே மூன்று பருவம் வேலை செய்து கற்றுக்கொண்ட தமிழிலே பேசினான். “வீட்டிலே எத்தனை பேர் தம்பி?” என்று கேட்டோம். “ஆறு பேர், ஐயா. அக்கா ரெண்டு, தங்கச்சி ஒண்ணு, அண்ணன் தம்பி மூணு.” நம் தோழர் நம்மைப் பார்த்துக் கண்ணடித்தார், நான் சொன்னேன் பார்த்தீர்களா என்பதைப்போல. “உனக்கு?” என்று கேட்டோம். வெட்கப்பட்டான். “ஒரு பொண்ணு, ஐயா. இன்னொண்ணு போதும். தங்கச்சி பன்னெண்டு படிக்குது. அதுக்குப் பணம் அனுப்பணும்.”

தோழரின் கண் தாழ்ந்தது. எழுந்து போய் இன்னொரு டீ வாங்கிவந்து, அந்தப் பையன் கையிலே கொடுத்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே, தோழர்களே! வேலை இருக்கிறது நமக்கு. வயலோரக் கொட்டகையிலே தங்கியிருக்கும் வடபுலத்துக் குடும்பத்திலே குழந்தை இருந்தால், கையைப் பிடித்து அழைத்துப்போய் ஊர்ப் பள்ளியிலே சேருங்கள். காலை உணவும் மதிய உணவும் அந்தக் குழந்தைக்கும் உண்டு. அவனுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கும் ஏஜெண்டு இருந்தால், நமக்கு அன்று அரைப்படி மறுத்தவனை எதிர்த்ததுபோலவே எதிர்த்துக் கேளுங்கள். நம் தெருவிலே பதினேழு வயசுப் பெண்ணுக்குப் பந்தல் போட்டால் போய் நிறுத்துங்கள். அடுத்த சுகாதார முகாமிலே பெயர் கொடுக்கும் ஆண்களின் வரிசையிலே, கழகக் கரைவேட்டிகள் நாலாவது தெரியட்டும்.

“பெற்றுத் தள்ளுகிறார்கள்” என்ற அந்தச் சொல்லை மட்டும், பண்ணையார் திண்ணையோடு விட்டுவிடுவோம். அது அவர் சொத்து. நமக்கு வேண்டாம்!